என்.ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்க்க வருபவர்களுக்கும்

என் மகள் 29ஆவது வாரத்தில் பிறந்தாள். எடை 1,050 கிராம். வளைகாப்புக்கு நாள் குறித்து மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்த நேரம் அது. இப்போது அவள் வீடு முழுக்கத் தவழ்ந்துகொண்டிருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் யாராவது ஒருவர் இந்த நிமிடம் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து போனில் எதையாவது தேடிக்கொண்டிருக்கலாம். முடிவு என்னவென்று தெரியாமல் இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கும்போது வயிறு எப்படிப் பிசையும் என்று எனக்குத் தெரியும். நான் தேடியபோது நோய்களின் பெயர்கள் கிடைத்தன. டாக்டரிடம் என்ன கேட்பது, பணத்துக்கு எங்கே போவது, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மனைவியிடம் எதைச் சொல்வது என்பதெல்லாம் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் திருப்பூர். பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. மனைவிக்கு ஏழாம் மாதத் தொடக்கத்தில் கால் வீங்கியது. கர்ப்பத்தில் சகஜம் என்றார்கள். பிறகு தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது போல ஒரு மங்கல். வழக்கமாகக் காட்டும் நர்சிங் ஹோமுக்குப் போனோம், பிரஷர் 170க்கு 110. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. வலிப்பு வந்துவிடும், குழந்தையை வெளியே எடுத்தால்தான் தாய் பிழைப்பாள் என்றார்கள். வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி, குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசி இரண்டும் போட்டார்கள். அந்த ஸ்டீராய்டு சில ரூபாய் விலையுள்ள டெக்ஸாமெதசோன்தான். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போட வேண்டும். எங்களுக்கு இரண்டுதான் போட முடிந்தது. அந்த இரண்டே பெரிய உதவி என்று பிறகு குழந்தை டாக்டர் சொன்னார். அந்த நர்சிங் ஹோமில் என்.ஐ.சி.யூ. கிடையாது என்பது ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அதனால் மனைவி திருப்பூரில், மகள் கோயம்புத்தூரில் என்று பிறந்த சில மணி நேரத்திலேயே இருவரையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

கர்ப்பமாக இருப்பவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், பிரஷர், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முன்பு குறைமாதப் பிரசவம் என்று ஏதாவது ஒன்று இருந்தால், ஆறாவது மாதத்திலேயே டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: "முன்னாடியே பொறந்துட்டா குழந்தையை இங்கேயே பாக்க முடியுமா? இல்லைன்னா எங்க போகணும்?" குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, வசதியுள்ள இடத்துக்குத் தாயை மாற்றுவதைப் போன்ற பாதுகாப்பு பிறந்த பிறகு எந்த ஆம்புலன்ஸிலும் கிடைக்காது. தாயின் நிலை இடம் கொடுத்தால் அதைத்தான் செய்ய வேண்டும்.

கோவையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் 50,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஒரு கட்டு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வென்டிலேட்டர், சர்ஃபாக்டன்ட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். சர்ஃபாக்டன்ட் என்பது நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் குழாய் வழியாகவே உள்ளே விடும் மருந்து. நிறைமாதக் குழந்தையின் உடல் அதைத் தானே சுரந்துகொள்ளும், இவளுக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். சின்னக் குப்பி, பத்தாயிரத்துக்கு மேல் பில் வந்தது. குழந்தையின் காலில் கட்டியிருந்த பட்டையில் "பேபி ஆஃப்" என்று மனைவியின் பெயர். அவள் மயக்கம் தெளியாமல் ஐம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அன்று இரவு சிஸ்டர் ஒருவர் வெளியே வந்து, "அப்பா, அம்மாவுக்குப் பால் பீய்ச்சச் சொன்னாங்களா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. திருப்பூருக்குப் போன் போட்டால் அங்கே, "அவிங்களே இன்னும் ஐ.சி.யூ.ல இருக்காங்க, இப்ப எதுக்குங்க பாலு?" என்றார்கள். என் மாமியார்தான் விடாப்பிடியாக உள்ளே போய், வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து, கையாலேயே பீய்ச்சி எடுத்தார். அரை மில்லி இருக்கும். சின்ன சிரிஞ்சில், நல்லெண்ணெய் நிறத்தில், கொழகொழவென்று. அதை ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் போட்டு, மச்சான் பைக்கில் கொண்டுவந்து சேர்த்தான். இந்தச் சொட்டை வைத்து என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். சிஸ்டர் பஞ்சில் நனைத்து மகளின் கன்னத்தின் உட்புறம் தடவினார். குழாய் வைத்திருந்த அந்த வாய் லேசாகச் சப்பியது. அவள் என் கண் முன்னால் செய்த முதல் காரியம் அதுதான்.

பால் விஷயத்தில் இதை மனதில் வையுங்கள். குழந்தைக்குக் கொடுக்க முடியாத நிலையிலும் தாய் முதல் நாளிலிருந்தே பீய்ச்ச வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து. சொட்டுதான் வருகிறது என்று விட்டுவிட்டால் பிறகு சுரப்பதே கஷ்டமாகிவிடும். பத்தியம் என்ற பெயரில் அவளைப் பட்டினி போடக் கூடாது, தண்ணீரைக் குறைக்கக் கூடாது. குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு, அதைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. தாய்க்குப் பால் போதவில்லை என்றால் பவுடருக்குப் போகும் முன், தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இப்போது இருக்கிறது. பதப்படுத்தி, பரிசோதித்துத்தான் கொடுக்கிறார்கள்.

இனி பணம். வென்டிலேட்டரில் இருந்த நாட்களில் ஒரு நாளைக்கு 15,000க்குக் குறையாமல் ஏறியது. மொத்தம் கிட்டத்தட்ட 7 லட்சம். கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸிலிருந்து 3 லட்சம் வந்தது. அதுவும் எச்.ஆரில் இருந்த ஒரு அக்கா தானாகவே போன் செய்து, "குழந்தை பேரைச் சேர்க்க மெயில் போட்டீங்களா? நாள் தாண்டிட்டா க்ளெய்ம் எடுக்க மாட்டாங்க" என்று சொன்னதால். பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குப் பாதுகாப்பு தரும் பாலிசிகள் உண்டு. 90 நாள் கழித்துத்தான் சேர்ப்போம் என்னும் பாலிசிகளும் உண்டு. உங்களுடையது எது என்று பிரசவத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவையுங்கள். பெயர் வைக்காததால் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். பெயரில்லாமலே 21 நாளுக்குள் இலவசமாகப் பதிவு செய்யலாம், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். மீதி 4 லட்சத்துக்கு மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்தேன், ஏலச்சீட்டைப் பெரிய தொகை தள்ளி எடுத்தேன். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கு அது செல்லும். ஆனால் சேர்க்கும்போதே கார்டைக் காட்ட வேண்டும், பில் கட்டி முடித்த பிறகு காட்டிப் பயனில்லை. தனியாரில் இருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அதுவரையான பில்லைக் கேட்டு வாங்குங்கள். பயன்படுத்தாத மருந்து, ஊசி, குழாய்களை ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்துப் பணம் கழித்துக்கொள்ளலாம். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டதும் கழித்தார்கள்.

மகள் வென்டிலேட்டரிலிருந்து சிபேப் எனும் மூக்குக் குழாய்க்கு மாறினாள். நிலைமை சற்றுத் தேறியதும் குழந்தை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசினேன். இனி என்னால் எத்தனை நாள் கட்ட முடியும் என்று கணக்கைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "இனி இவளுக்கு வேண்டியது வளர்றதுக்கான நேரம், மெஷின் இல்ல. மெடிக்கல் காலேஜ்ல நல்லா பாப்பாங்க" என்று அவரே அங்குள்ள டாக்டரிடம் போனில் பேசி, படுக்கை உறுதியான பிறகுதான் அனுப்பினார். அரசு ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இது குழந்தையின் உரிமை. வண்டிக்கு 108இல் கேட்டால் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் வைத்த ஆம்புலன்ஸ் இருக்கிறது. இடம் மாறும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை நாள் ஆக்சிஜன், என்ன ஆன்டிபயாட்டிக், கல்ச்சர் எனும் கிருமிப் பரிசோதனையின் ரிசல்ட், எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள், தலை ஸ்கேன், இதய எக்கோ, கண் பரிசோதனைத் தேதி எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கா கொண்டு போறீங்க?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் அதிகம். கேட்ட யாரும் ஒரு நாள் பில்லைக் கட்ட முன்வரவில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன். கழிப்பறை மோசம். ஆண்கள் படுக்க இடம் கிடையாது, வராந்தாவில் பாய் விரித்துத்தான் தூங்கினேன். கூட்டம் அதிகம். ஆனால் குழந்தைகளைப் பார்த்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வளாகத்திலேயே அம்மா உணவகம், 1 ரூபாய்க்கு இட்லி. தனியாரில் நாங்கள் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தோம். இங்கே தாயை உள்ளேயே உட்காரச் சொன்னார்கள். என் மனைவி தையல் வலியோடு மெல்ல நடந்து வந்து, குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் பக்கத்தில் நின்று, "தொடலாமுங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்து, "உங்க குழந்தையத் தொடறதுக்கு எங்கிட்ட எதுக்கம்மா கேக்கறீங்க? கையைக் கழுவிட்டு வாங்க" என்றார். அவள் உடைந்து அழுதது அப்போதுதான்.

பெற்றோர் அங்கே வந்துபோகும் பார்வையாளர்கள் கிடையாது. அவர்களும் சிகிச்சையின் ஒரு பகுதி. கங்காரு முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆஸ்பத்திரியில் கே.எம்.சி. என்பார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாமல் குழந்தையைத் தாயின் மார்பில் வைத்துக் காப்பாற்றியதில் தொடங்கியது அது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், நிலைமை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே மார்போடு வைத்துக்கொள்ளத் தொடங்கியபோது, முதல் 28 நாளில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தவரை கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 2022இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதனால் உங்கள் ஆஸ்பத்திரியில் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்: "எப்ப கே.எம்.சி. ஆரம்பிக்கலாம்?"

அப்பாவும் வைக்கலாம். மனைவி சாப்பிடவும் தூங்கவும் போன நேரங்களில் நான் வைத்தேன். குளித்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி, சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டும். குல்லா, காலுறை, டயப்பர் மட்டும் போட்ட குழந்தையைத் தவளை போலக் கால் மடக்கி, நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு அமுங்காமல் பார்த்து, துணியால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். முதல் நாள் மூச்சுவிடவே பயந்தேன். மானிட்டரில் 88, 89 என்று தடுமாறிக்கொண்டிருந்த ஆக்சிஜன் அளவு கொஞ்ச நேரத்தில் 94இல் போய் நின்றது. குறைமாதக் குழந்தைகள் இடையிடையே மூச்சை மறந்துவிடும். அலாரம் அடிக்கும், சிஸ்டர் வந்து உள்ளங்காலை ஒரு சுண்டு சுண்டுவார், மூச்சு திரும்பும். அதற்குக் காஃபின் மருந்து கொடுப்பார்கள். ஒவ்வோர் அலாரத்துக்கும் உயிர் போய் வரும், உண்மைதான். எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காமல் குழந்தையின் நிறத்தையும் மார்பு ஏறி இறங்குவதையும் பார்க்கச் சொல்லி அந்த சிஸ்டர்தான் கற்றுக்கொடுத்தார்.

கண் பரிசோதனை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் தாமதித்தால் பார்வையே போய்விடும். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும், அதை ஆர்.ஓ.பி. என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 1,200 கிராமுக்குக் கீழ் இருந்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். 1996இல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைச் சொல்லாமல் விட்டதால் பார்வை போய், அந்த அப்பா ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி, 2015இல் உச்ச நீதிமன்றம் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. கோடி வந்து என்ன, கண் வருமா? என் மகளுக்கு லேசாக இருந்து தானாக அடங்கியது. பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு லேசர் செய்து காப்பாற்றினார்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு தேதி வந்தால், மழையோ கல்யாணமோ எதுவும் காரணமாகக் கூடாது.

இனி சொந்தபந்தங்களுக்கு. "ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம்தான் தங்காது" என்று ஆறுதல் சொல்ல வந்தார்கள். பக்கத்தில் எட்டாம் மாதக் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது உண்மையும் இல்லை, வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். "அப்பனுக்கு ஆகாத நட்சத்திரமா பாரு", "மொபெட்ல போனதாலதான்" போன்ற பேச்சுகளை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். அந்தத் தாய் ஏற்கெனவே தன் உடம்பைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள். தினமும் எடை கேட்காதீர்கள், முதல் வாரத்தில் எடை இறங்கத்தான் செய்யும். "ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்பதற்குப் பதில் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் தம்பி, "இனி எல்லா போனும் எனக்கு வரட்டும், நான் சொல்லிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டான். இரவு ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி எல்லோருக்கும் போகும். நண்பன் ஒருவன் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவந்தான். பக்கத்து வீட்டு அக்கா சாப்பாட்டை டிபன் கேரியரில் கொடுத்தனுப்பி, மனைவி சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்பார். 2,000 ரூபாயை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போன அலுவலக டிரைவர் அண்ணனை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மனைவி மூன்றாவது வாரத்தில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தூக்கம் வரவில்லை, "நான் இல்லாட்டியும் பாப்பா வளந்துக்கும்" என்று ஒரு நாள் சொன்னாள். பிரசவத்துக்குப் பிறகு வரும் சோர்வு சில நாளில் தெளிய வேண்டும். இரண்டு வாரம் தாண்டினாலோ இந்த மாதிரி வார்த்தை வந்தாலோ அது மருத்துவம் பார்க்க வேண்டிய மன அழுத்தம். வார்டு டாக்டரே மனநல மருத்துவரிடம் அனுப்பினார், பாலூட்டும்போது சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார்கள், தெளிந்தாள். 14416க்குப் போன் செய்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அப்பாக்களும் பேசலாம், நான் பேசினேன். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இன்னொன்று: வழக்கமான 26 வார விடுப்புக்கு மேல், குறைமாதப் பிரசவத்தால் உடல்நலம் கெட்டால் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு கூடுதல் விடுப்பு கேட்கலாம். சட்டமே அந்த உரிமையைத் தருகிறது.

வீட்டுக்கு வந்தபோது அவள் 1,700 கிராம். பாலாடையில் கொடுக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அனுப்பினார்கள். வீட்டிலும் மார்போடு வைத்திருப்பதைத் தொடர்ந்தோம். சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய், வாயால் ஊதிச் சளி எடுப்பது இவை எதுவும் கூடாது என்று பெரியவர்களிடம் டாக்டர் வாயாலேயே சொல்லவைத்தேன், நான் சொன்னால் சண்டை வரும். இரும்புச் சத்துச் சொட்டு மருந்து, வைட்டமின் டி, காது கேட்கும் பரிசோதனை எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில்தான் போட வேண்டும். வளர்ச்சியைப் பார்க்கும்போது மட்டும் முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் "இன்னும் குப்புற விழலையா?" என்று கேட்டவர்களுக்கு மனைவி அமைதியாக, "அவளுக்கு மூணரை மாசந்தாங்க ஆகுது" என்று பதில் சொன்னாள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பிசியோதெரபிஸ்ட் மாதம் ஒருமுறை பார்த்து, வலது கால் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்று சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். காலையில் நானும் மாலையில் மாமியாரும் செய்துவிடுகிறோம். தளர்ந்துவருகிறது. அங்கேயும் எல்லாம் இலவசம், டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கையில் எடுத்துப் போங்கள்.